புத்திஜீஜ்: ஒரு கோழிக்காரர் பெயரின் பயணம்

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் முதல் வேட்பாளர் தேர்வு நடந்தபோது, உலகமெங்கும் செய்தி வாசிப்பவர்களின் நாக்கு ஒரு போட்டியாளரின் பெயரில் இடறியது. பீட் என்ற முதல் பாதி எளிதாக வந்துவிட்டது. இரண்டாம் பாதிதான் சிக்கல். ஆங்கிலத்தில் பி, யு, டி, டி, ஐ, ஜி, ஐ, இ, ஜி என்று ஒன்பது எழுத்துகள். ‘பூட் எட்ஜ் எட்ஜ்’ என்று மூன்று துண்டாக உடைத்து, அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள் அவருடைய ஆதரவாளர்கள். தமிழில் எழுத உட்கார்ந்தாலும் பட்டிஜீக், புட்டிகெய்க், புட்டிஜெஜ் என்று பல வழிகள் தோன்றும். அந்தப் பெயர் பிறந்த மண்ணான, மத்தியதரைக் கடல் தீவு மால்டாவில் அதை ஏறக்குறைய ‘புத்திஜீச்’ என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ‘புத்திஜீஜ்’ என்றே எழுதுகிறேன். கடைசி எழுத்தை ஏன் மாற்றினேன் என்பது போகப்போகத் தெரியும்.

அந்தச் சமயத்தில் பெயரின் பொருளும் அமெரிக்கச் செய்திகளில் அடிபட்டது. ‘கோழிகளின் பிரபு’ என்று எழுதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அந்தப் பெயருக்கு இல்லாத கிரீடத்தைச் சூட்டுகிறது. அதன் நேரான தமிழ் ‘கோழிக்காரர்’. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பிரபுவின் பட்டம் ஏட்டில் பிறக்கும். கோழிக்காரர் என்ற பெயர் தெருவில், பக்கத்து வீட்டுக்காரர் வாயில் பிறக்கும். புத்திஜீஜ் தெருவில் பிறந்த பெயர். அதற்குச் சாட்சி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம். முன்னால் நிற்கும் ‘பு’ அரபியின் ‘அபூ’. அகராதியில் பொருள் ‘தந்தை’. இதைத் தமிழ் முஸ்லிம்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அபூபக்கர் என்ற பெயர் இல்லாத ஊர் காயல்பட்டினம் பக்கம் கிடைக்காது. நபிமொழிகளை அதிகமாக அறிவித்தவரான அபூஹுரைராவின் பெயருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ‘பூனைக்குட்டியின் தந்தை’. அவர் ஒரு பூனைக்குட்டியைக் கூடவே வைத்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. பிள்ளையின் பெயரைச் சொல்லித் தகப்பனை அழைக்கும் வழக்கம் அரபியில் ‘குன்யா’ எனப்படும். பேச்சில் அது விரிந்து, எதை வைத்திருக்கிறாரோ, எதற்குப் பேர்போனவரோ அதன் ‘அபூ’ என்று ஆளை அழைக்கும் வழக்கமாகவும் ஆனது. அப்படிப் பார்த்தால் இந்த ‘அபூ’ தகப்பனைக் காட்டுவதில்லை. நம்முடைய ‘-காரர்’ செய்யும் வேலையைத்தான் செய்கிறது. தாடிக்காரர், மாட்டுக்காரர், கோழிக்காரர்.

வட ஆப்பிரிக்கப் பேச்சில் முதல் உயிர் உதிர்ந்து ‘அபூ’ வெறும் ‘பு’ ஆகிவிட்டது. துனிசியாவின் முதல் குடியரசுத் தலைவர் புர்கிபா, அல்ஜீரியாவை ஆண்ட புமெதியன், புதெஃப்லிக்கா ஆகியோர் பெயர்களின் தொடக்கத்தில் இருப்பதும் இதே ‘பு’தான். மால்டாவில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. நம்மூர்த் தென்னை விவசாயிகளுக்குச் சிவப்புக் கூன்வண்டைத் தெரியும். தெற்காசியாவிலிருந்து பரவிப்போய் மத்தியதரைக் கடலோர ஈச்சை மரங்களையும் குடைந்துகொண்டிருக்கும் அந்த வண்டுக்கு மால்டாக்காரர்கள் வைத்த பெயர் ‘புமுன்கார்’. முன்கார் என்றால் அலகு. நாம் கூனைப் பார்த்தோம், அவர்கள் நீண்ட மூக்கைப் பார்த்து ‘அலகுக்காரன்’ என்றார்கள்.

இனி பின்பாதி. கோழிகளுக்கு ஏட்டு அரபியில் ‘தஜாஜ்’. மால்டாவின் மொழியில் ‘திஜீஜ்’. முதல் எழுத்து மென்மையான ஒலியிலிருந்து வல்லொலிக்கு மாறியிருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ‘த’ ஒன்றே என்பதால் நம் எழுத்தில் அந்த மாற்றம் மறைந்துவிடும். நடுவில் உள்ள ‘ஆ’ ‘ஈ’யாக மாறியதுதான் இன்னும் சுவையானது. மால்டாக்காரர்கள் எத்தனையோ அரபுச் சொற்களில் இதைச் செய்திருக்கிறார்கள். கதவுக்கு அரபியில் ‘பாப்’, மால்டாவில் ‘பீப்’. நாக்குக்கு ‘லிஸான்’, அங்கே ‘இல்சீன்’. நம் பக்கத்தில் மதரஸாப் பிள்ளைகள் ‘கிதாபு’ என்று சொல்லும் புத்தகம் அங்கே ‘க்தீப்’. வாயைச் சற்றுக் குறுக்கி, நாக்கை முன்னே தள்ளி ‘ஆ’வைச் சொல்லிப் பாருங்கள், ‘ஏ’யும் ‘ஈ’யும் தானாக எட்டிப் பார்க்கும். அரபு இலக்கண ஆசிரியர்கள் இதற்கு ‘இமாலா’, அதாவது ‘சாய்வு’, என்று பெயர் வைத்து மத்திய காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

நடுவில் ஏன் ‘த்’ இரட்டித்தது? இதற்கு நாம் அன்றாடம் கேட்கும் ஒரு சொல்லே போதும். அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே இருப்பது ‘அல்-ஸலாம்’. ‘அல்’ என்ற முன்னொட்டின் ‘ல்’, அடுத்து வரும் ‘ஸ’வோடு கரைந்து ‘அஸ்ஸலாம்’ ஆகிறது. இப்படிக் கரைக்கும் எழுத்துகளை அரபியர் சூரிய எழுத்துகள் என்பார்கள். மால்டிய இலக்கணமும் அதே பெயரைத்தான் சொல்கிறது. ‘பு’வோடு ‘இல்-திஜீஜ்’ சேரும்போது, ‘ல்’ கரைந்து ‘இத்-திஜீஜ்’ ஆகி, இரண்டு உயிர்கள் ஒன்றில் அடங்கிப் ‘புத்திஜீஜ்’ பிறந்தது. கடைசி ‘ஜ்’ மட்டும் பேச்சில் ‘ச்’ ஆகிவிடும். சொல்லின் இறுதியில் வரும் மெல்லொலிகளை மால்டாக்காரர்கள் எப்போதுமே வலித்துத்தான் முடிப்பார்கள். எழுத்தைப் பின்பற்றியே நான் ‘ஜ்’ போட்டிருக்கிறேன்.

ஏட்டு அரபி தெரிந்த ஒரு எழுத்தர் உட்கார்ந்து உண்டாக்கியிருந்தால் இந்தப் பெயர் ‘அபூத்தஜாஜ்’ என்று நின்றிருக்கும். உதிர்ந்த உயிர், சாய்ந்த ‘ஆ’, வலித்த ‘த’ ஆகிய மூன்றும் பேச்சுமொழியின் தடங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேசிய அரபியை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது இந்தப் பெயர். அப்படிப்பட்ட மக்களின் பேச்சு வரலாற்றில் பெரும்பாலும் பதிவாவதே இல்லை.

அந்த முதல் கோழிக்காரர் கோழி வளர்த்தாரா, சந்தையில் விற்றாரா, அல்லது கோழிபோலக் கொக்கரித்துக்கொண்டே இருந்ததால் ஊர் கேலியாகச் சொன்னதா? பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. கோழி வளர்ப்பும் விற்பனையும் என்று சொல்வதே வழக்கமான விளக்கம். மால்டாவில் இன்னொரு கோழிப் பெயரும் உண்டு. தீவின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்றான ‘ஃபரூஜா’, குஞ்சுக்கோழியைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘ஃபர்ரூஜ்’ என்பதிலிருந்து வந்தது. அதில் ‘பு’ கிடையாது, வெறும் பட்டப்பெயர். ‘புஹஜார்’ என்றொரு குடும்பப் பெயரும் இருக்கிறது. ஹஜர் என்றால் கல், ஆக அவர் கல்லுக்காரர்.

அரபுப் பேச்சு இந்தத் தீவுக்கு எப்படி வந்தது? மால்டா சிசிலிக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் இருக்கிறது. கோசோ, கொமினோ தீவுகளையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. துனிசியாவை ஆண்ட அக்லபிகள் 870இல் பைசாந்தியர்களிடமிருந்து இதைப் பிடித்தார்கள். அதன்பிறகு தீவு பாழடைந்து கிடந்தது என்றும், கப்பல் கட்ட மரம் தேடியவர்களும் மீன் பிடிப்பவர்களும் தேன் எடுப்பவர்களும் மட்டும் வந்துபோனார்கள் என்றும், 1048-49 வாக்கில்தான் முஸ்லிம்கள் மறுபடி குடியேறினார்கள் என்றும் அல்-ஹிம்யரி என்ற அரபுப் புவியியலாளர் எழுதியிருக்கிறார். தீவு முழுக்கவே காலியாக இருந்திருக்குமா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனாலும் மால்டிய மொழி சிசிலியில் பேசப்பட்ட அரபியின் கிளை என்பதில் மொழியியலாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

1091இல் முதலாம் ரோஜர் என்ற நார்மானியத் தலைவன் தீவின்மேல் படையெடுத்தான். 1127இல் அவன் மகன் இரண்டாம் ரோஜர் தன் ஆட்சியை அங்கே உறுதியாக ஊன்றினான். ஆட்சி கிறிஸ்தவமாகியும் மக்கள் உடனே மாறவில்லை. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் முஸ்லிம்கள் மதம் மாறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் சிசிலி முஸ்லிம்களைப் பேரரசன் இரண்டாம் ஃபிரெடரிக் தென் இத்தாலியின் லுசேரா நகரத்துக்கு நாடு கடத்தினான். 1300இல் அந்தக் குடியிருப்பும் ஒழிக்கப்பட்டது. சிசிலியில் அரபிப் பேச்சு அழிந்து போனது. ஃப்ரகலா, பதலா, சப்பலா என்று ‘லா’வில் முடியும் சில குடும்பப் பெயர்களில் மட்டும் ‘அல்லாஹ்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதலா என்பது அப்துல்லாவின் தேய்ந்த வடிவம்.

மால்டாவில் மதம் போனது, மொழி போகவில்லை. உலகில் இதுபோல இன்னொன்றைக் காட்டுவது கடினம். பெரும்பாலும் கத்தோலிக்கரான ஒரு மக்கள் அரபியின் ஒரு கிளையை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள், 2004 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. தேவாலயத்தில் கடவுளை ‘அல்லா’ என்றுதான் அழைக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு அவர்கள் சொல் ‘ரந்தான்’. ரமலான்தான் அது. ஆட்களுக்குப் பவுலு, ஜுசெப்பி, மரியா என்று புனிதர்களின் பெயர்கள் வந்து உட்கார்ந்தன. ஊர் வைத்த பெயர் மட்டும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. 1419இல் எடுக்கப்பட்ட ஊர்க்காவல் படையின் பட்டியல் மால்டாவின் குடும்பப் பெயர்களுக்குக் கிடைத்த மிகப் பழைய பெரிய ஆவணங்களில் ஒன்று. கிறிஸ்தவ முன்பெயரும் அரபு வேர்கொண்ட பின்பெயருமாக அதில் ஆட்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள்.

மால்டிய மொழியில் முதல் பெயருக்குச் சொல் ‘இசெம்’, அரபியின் ‘இஸ்ம்’. பட்டப்பெயருக்கு ‘லகம்’, அரபியின் ‘லகப்’. குடும்பப் பெயருக்கு மட்டும் ‘குன்யோம்’. ‘குன்யா’வின் உறவோ என்று தோன்றும். இல்லை, அது ‘கொன்யோமே’ என்ற இத்தாலியச் சொல். இந்த மூன்று சொற்களிலேயே கதை இருக்கிறது. அழைக்கும் பெயரும் கேலிப் பெயரும் மக்களிடமே இருந்தன. தலைமுறை தலைமுறையாக மாறாமல் எழுதி வைக்கும் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடு, லத்தீனும் இத்தாலியமும் எழுதிய பாதிரியாரோடும் நோட்டரியோடும் வந்தது. திருமணங்களைப் பங்குக் கோயில்கள் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து திருச்சங்கம் கட்டளையிட்டது. நேற்றுவரை வாயில் இருந்த கோழிக்காரர் அதன்பின் மையில் உறைந்தார்.

எழுதியவர்கள் இத்தாலிய எழுத்துமுறையில் எழுதினார்கள். மால்டிய மொழிக்கென்று தனி நெடுங்கணக்கை எழுத்தாளர் சங்கத்தார் 1920களில் வகுத்தார்கள், 1934இல் அது அதிகாரபூர்வமானது. அதில் ‘ஜ’ ஒலிக்கு மேலே புள்ளி வைத்த ஜி உண்டு. மொழியில் வந்த புள்ளி குடும்பப் பெயர்களில் ஏறவில்லை, பழைய எழுத்துக்கூட்டலே சட்டப்படி நிலைத்தது. ஆங்கிலம் படித்தவர் கடைசி ஜி-யைப் பார்த்ததும் ‘க்’ என்கிறார். அயோவாவில் நாக்குகள் இடறியதற்குக் காரணம் அந்த ஒற்றைப் புள்ளிதான்.

கோசோ தீவில் குடும்ப வேர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு பெரிய பள்ளம் குறுக்கே வரும். 1551இல் துர்குத் ரெய்ஸும் சினான் பாஷாவும் நடத்திய ஒட்டோமானியக் கடற்படை அந்தத் தீவைச் சூறையாடி, ஏறக்குறைய 5,000 பேரை, அதாவது கிட்டத்தட்ட மொத்த மக்களையும், அடிமைகளாகக் கப்பலேற்றியது. ஆவணங்களும் பெரும்பாலும் போயின. மீட்கப்பட்டுத் திரும்பியவர்களும் மால்டாவிலிருந்து புதிதாகப் போனவர்களும் சேர்ந்துதான் கோசோவை மறுபடி எழுப்பினார்கள். அந்தத் தீவின் கிழக்குக் கோடியில் உள்ள கலா என்ற ஊரில் 1912இல் பிறந்தவர் அந்தோன் புத்திஜீஜ். வழக்கறிஞர், தொழிலாளர் கட்சித் தலைவர்களில் ஒருவர், 1976 முதல் 1981 வரை மால்டாவின் குடியரசுத் தலைவர். ஆனால் அங்கே அவரை முதலில் கவிஞராகத்தான் நினைக்கிறார்கள். பறவையும் கடலும் வயலும் நிறைந்த கவிதைகள் அவருடையவை. மால்டிய மொழியில் ஹைக்கூ எழுதியவர்.

இந்தப் பெயர் அரிதானதா என்று கேட்டால், எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மால்டாவில் அது எல்லாருக்கும் தெரிந்த பெயர். தீவுக்கு வெளியே எங்கேனும் ஒரு புத்திஜீஜைச் சந்தித்தால், அவர் குடும்பம் எந்தத் தலைமுறையில் கப்பலேறியது என்று கேட்டால் போதும், விடை மால்டாவில் போய் நிற்கும். அரபு நாடுகளிலிருந்து நேராக வந்திருந்தால் பெயரின் உருவம் வேறாக இருக்கும்.

முதல் கப்பல்கள் தெற்கே போனவை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சியில் மால்டாக்காரர்கள் துனிஸ், திரிப்போலி, அலெக்ஸாந்திரியா, அல்ஜீரியாவின் போன், கான்ஸ்தந்தீன் நகரங்களுக்கு வேலை தேடிப் போனார்கள். அரபியிலிருந்து பிறந்த பெயர்கள் ஐரோப்பியப் பெயர்களாக அரபு மண்ணுக்குத் திரும்பிய காட்சி அது. துறைமுகத்திலும் சந்தையிலும் அவர்கள் பேச்சு எளிதில் ஒட்டிக்கொண்டது, கோயில் மட்டும் வேறாக இருந்தது. 1956இல் சூயஸ் சண்டைக்குப் பிறகு பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் எகிப்திலிருந்து வெளியேற வேண்டிவந்தது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது அங்கிருந்தவர்கள் பிரான்சுக்குப் போனார்கள்.

அதைவிடப் பெரிய அலை ஆஸ்திரேலியாவை நோக்கி எழுந்தது. அதன் தொடக்கம் கசப்பானது. 1916 அக்டோபரில் ‘காஞ்ஜ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் 214 மால்டா ஆண்களோடு ஆஸ்திரேலியாவை நெருங்கியது. பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள் அவர்கள். அப்போது ஆஸ்திரேலியாவில் கட்டாய ராணுவச் சேவை குறித்த பொதுவாக்கெடுப்பு சூடு பிடித்திருந்தது. உள்ளூர் ஆண்களைப் போருக்கு அனுப்பிவிட்டு மலிவான கூலிகளை இறக்குகிறார்கள் என்ற கூச்சல் எழுந்தது. வெள்ளையரல்லாதவர்களைத் தடுப்பதற்கென்று அங்கே ஒரு சட்டம் இருந்தது. வந்திறங்குபவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்வதை எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரி முடிவு செய்வார். மால்டாக்காரர்களுக்கு டச்சு மொழி வைக்கப்பட்டது. 214 பேரும் தோற்றார்கள். நியூ கலிடோனியாவில் பல வாரங்கள் காத்திருந்து, பிறகு சிட்னித் துறைமுகத்தில் ஒரு பழைய கப்பல் கூட்டுக்குள் அடைக்கப்பட்டு, 1917இல்தான் கரையேறினார்கள். கத்தோலிக்கர்களாக இருந்தும், ஐரோப்பியத் தீவிலிருந்து வந்தும், வெள்ளையர்தானா என்ற கேள்வி அவர்களை விடவில்லை.

அந்தக் கேள்வி மால்டாவுக்குள்ளும் வேறு உருவில் இருந்தது. தங்கள் மொழியும் பெயர்களும் அரபியிலிருந்து வந்தவை அல்ல, அதற்கும் முந்தைய பினீஷியரிடமிருந்து வந்தவை என்று படித்தவர்கள் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். முஸ்லிம் மூதாதையர் என்ற எண்ணத்திலிருந்து விலகி நிற்க அது உதவியது. மொழியியலும் ஆவணங்களும் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. அதே சமயம் எதிர்ப்பக்கத்துக்கும் தாவிவிடக் கூடாது. குடும்பப் பெயர் அரபி என்பதாலேயே இன்று அதைச் சுமப்பவரின் எல்லா மூதாதையரும் அரபியர் ஆகிவிட மாட்டார்கள். பெயர் ஒரு கோட்டில் மட்டும் இறங்கிவரும். ரத்தம் சிசிலி, இத்தாலி, ஸ்பெயின் என்று நூறு ஓடைகளில் வந்து கலக்கும்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்த தீவிலிருந்து, 1946க்கும் 1970களின் இறுதிக்கும் இடையில் குடியேறுபவர்களின் பயணச் செலவுக்கு உதவும் திட்டங்களின் வழியாக 1,40,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். தீவின் மக்கள்தொகையே மூன்று லட்சத்தை ஒட்டி இருந்த காலம் அது. பாதிக்கும் மேலானவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள், மெல்பேர்னின் மேற்குப் புறநகர்களும் சிட்னியின் மேற்கும் மால்டாக்காரர்களின் பேட்டைகள் ஆயின. மற்றவர்கள் பிரிட்டன், கனடாவின் டொராண்டோ, அமெரிக்காவின் டெட்ராய்ட் எனப் பிரிந்தார்கள். இன்று புத்திஜீஜ் என்ற பெயர் எந்த நாடுகளில் தென்படுகிறதோ, அந்த நாடுகளை வரைபடத்தில் குறித்தால் இந்தக் கப்பல் பாதைகள்தான் மிஞ்சும்.

பீட் புத்திஜீஜின் தந்தை ஜோசஃப் அந்த அலையில் தொழிலாளியாகப் போனவர் அல்லர். மால்டாவின் ஹம்ரூன் நகரில் 1947இல் பிறந்து, படிப்புக்காக அமெரிக்கா போய், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியரானார். இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்சியின் சிறைக் குறிப்பேடுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்பதால், தமிழில் கிராம்சியைப் படித்தவர்கள் அவர் பெயரை எங்கேனும் கண்டிருக்கலாம். மகன் சவுத் பெண்ட் நகர மேயராகி, 2021இல் போக்குவரத்துத் துறை அமைச்சரானார்.

மால்டாவில் மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது. அங்கே குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. போர்ஜ், கமில்லேரி, வெல்லா, ஃபரூஜா, சம்மித் என்று முதல் நூறு பெயர்களே மக்களில் முக்கால்வாசிப் பேரை அடக்கிவிடும். ஒரே ஊரில் ஒரே புனிதரின் பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்ட பலர் இருப்பார்கள். யாரைச் சொல்கிறோம் என்று எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு ‘லகம்’ உண்டு. தாத்தாவின் தொழில், பாட்டியின் பேச்சு, வீட்டு வாசலில் நின்ற மரம், எதுவும் பட்டப்பெயராகும். ஒரு காலத்தில் ஒரு மனிதரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே கோழிக்காரர் என்றார்கள். அந்தப் பெயரைச் சுமப்பவர்கள் பெருகிவிட்டதால், எந்தக் கோழிக்காரர் என்று கேட்க வேண்டியதாகி, அவர்களுக்கு மறுபடியும் ஊர் பட்டப்பெயர் வைத்திருக்கிறது.